அறிவிப்பு கொடுத்தால் அணைந்துபோன இன்டர்காம்

எங்கள் சுத்திகரிப்பு ஆலையில், பம்புகளுக்கு நடுவே இருக்கும் ஐபி இன்டர்காம் (நெட்வொர்க் கேபிளில் இயங்கும் பேச்சு, அறிவிப்புக் கருவி) சும்மா இருக்கும்போது நன்றாக இயங்கும். சத்தமாக அறிவிப்பு கொடுத்தால் ரீஸ்டார்ட் ஆகிவிடும். எல்லோரும் மென்பொருளைச் சொன்னார்கள். எனக்குச் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான். சாதாரண பிஓஇ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தரும்) போர்ட் 15.4 வாட் கொடுத்தாலும், கேபிள் இழப்பு போகக் கருவிக்கு 12.95 வாட்தான் உறுதி. வழியில் தடை கூடினால், ஸ்பீக்கர் அதிக மின்சாரம் இழுக்கும்போது மின்னழுத்தம் சரிந்துவிடும்.

எரிவாயு கசியக்கூடிய இடம். பெர்மிட் வாங்கி, வாயு சோதனை முடித்து, மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டிய பிறகுதான் ஸ்பேனரைத் தொட்டோம். கிளாண்ட் (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தை இறுக்கி மூடும் பாகம்) லூஸ், உள்ளே ஈரம், ஆர்ஜே45 நெட்வொர்க் கனெக்டரின் பின்களில் பச்சையாகக் களிம்பு. கேபிள் நுனியை வெட்டிப் புது கனெக்டர் போட்டு, கிளாண்டையும் மாற்றினேன். அப்புறம், உள்ளே பிடிக்கும் தீயை வெளியே விடாதபடி செய்த அந்தப் பெட்டியின் மூடி. அதன் விளிம்பைத் துணியால் மட்டும் துடைக்க வேண்டும். கீறினால் உள்ளே பிடிக்கும் தீ அந்த வழியே வெளியே வரும். போல்ட் ஒன்றையும் விடவில்லை. இப்போது முழுச் சத்தத்திலும் அணையாமல் இயங்குகிறது.