பல்பு ஏன் மங்குகிறது? வோல்ட், ஆம்பியரிலிருந்து ஓம், வாட் கண்டுபிடிக்கும் முறை

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு பைபர் படகுக்காரர் போன மாதம் என்னைக் கூப்பிட்டார். "பேட்டரி புதுசு, பல்பும் புதுசு தம்பி. வெளிச்சம் மட்டும் மங்கலாவே இருக்கு" என்றார். விளக்கைப் போடச் சொல்லி, பேட்டரி முனையில் மீட்டரை வைத்தேன்: 12.4 வோல்ட். பல்பு முனையில் வைத்தேன்: 10.5. நடுவில் 1.9 வோல்ட்டைக் காணோம். அது எங்கே போனது என்று தெரிய ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் போதும். முதலில் வீட்டு மேசையில் பழகிவிட்டுப் படகுக்கு வருவோம்.

தேவையானவை: 12 வோல்ட் பைக் பேட்டரி, 10 வாட் இண்டிகேட்டர் பல்பு (எல்இடி வேண்டாம், இழை உள்ள பழைய வகை), டிஜிட்டல் மல்டிமீட்டர், 5 ஆம்பியர் ப்யூஸ், கொஞ்சம் ஒயர். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ப்யூஸ், பல்பு, திரும்ப நெகட்டிவ் என்று இணையுங்கள்.

படி 1: வோல்ட். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். பல்பு எரியும்போதே அதன் இரு முனையிலும் தொட்டுப் பாருங்கள். 12.2 என்று வைத்துக்கொள்வோம். பல்பை அணைத்துவிட்டுப் பேட்டரி முனையில் அளந்தால் கூடுதலாகத்தான் காட்டும். அந்த எண் நம் கணக்குக்கு உதவாது.

படி 2: ஆம்பியர். புதிதாகப் பழகுபவர்கள் மீட்டரைப் பாழாக்குவது இந்த இடத்தில்தான், நிதானமாகப் படியுங்கள். வோல்ட்டை அளக்கப் பக்கவாட்டில் தொட்டோம். கரண்ட்டை அளக்க, ஓடும் பாதையை ஓரிடத்தில் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரை நுழைக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, நடுவில் உள்ள குமிழையும் 10 ஆம்பியருக்குத் திருப்புங்கள். இந்த நிலையில் மீட்டரைப் பேட்டரியின் இரு முனையிலும் நேராக வைத்துவிடாதீர்கள். அப்படி வைப்பதும் ஷார்ட் சர்க்யூட்டும் ஒன்றுதான். மலிவு மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்குப் ப்யூஸே கிடையாது. நமக்கு 0.84 ஆம்பியர் வந்தது. அளந்தவுடன் சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள்.

படி 3: மின்தடை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். 12.2 ÷ 0.84 = 14.5 ஓம். ஜெர்மனியில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827ல் புத்தகமாக வெளியிட்ட விதி இதுதான்.

படி 4: திறன். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். 12.2 × 0.84 = 10.2 வாட். பல்பில் 10 வாட் என்று போட்டிருப்பதோடு ஒத்துப்போகிறது.

இப்போது பல்பைத் தனியாகக் கழற்றி, ஆறியபின் மீட்டரின் ஓம் பகுதியில் அளந்து பாருங்கள். 14.5 வராது; 1 ஓம் சொச்சம்தான் காட்டும். மீட்டர் பழுதோ என்று சந்தேகப்பட வேண்டாம். டங்ஸ்டன் இழை சூடாகச் சூடாக அதன் மின்தடை பல மடங்கு ஏறும். குளிர்ந்த பல்பை அளந்து வாட் கணக்குப் போட்டால் தப்பாகவே வரும். அதனால்தான் எரியும்போது வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து வகுக்கச் சொல்கிறேன்.

வீட்டு மின்சாரத்துக்கும் இதே கணக்குதான். 230 வோல்ட்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.35 ஆம்பியர் இழுக்கும். 230 ÷ 4.35 = சுமார் 53 ஓம். கோடையில் வோல்டேஜ் 180க்கு இறங்கினால்? 180 ÷ 53 = 3.4 ஆம்பியர், 180 × 3.4 = 612 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சூடு கிட்டத்தட்ட ஐந்தில் இரண்டு பங்கு குறைகிறது. பருத்திச் சட்டைச் சுருக்கம் போகாததற்குக் காரணம் அதுதான். ஆனால் 230 வோல்ட் லைனைப் பிரித்து மல்டிமீட்டரை நுழைக்க வேண்டவே வேண்டாம், உயிருக்கு ஆபத்து. அதற்கு, ஒயரைப் பிரிக்காமல் வெளியிலிருந்தே கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருக்கிறது. ஃபேன், மிக்ஸி போன்ற மோட்டார்களில் வெறும் பெருக்கல் சரியான வாட்டைத் தராது, பவர் ஃபேக்டரையும் (பெருக்கி வந்த எண்ணில் உண்மையில் வாட்டாகும் பங்கு) சேர்த்துப் பெருக்க வேண்டும்.

படகுக்கு வருவோம். 12 வோல்ட், 60 வாட் பல்பு. ஓடிய கரண்ட் 4.6 ஆம்பியர். காணாமல் போன 1.9 வோல்ட்டை அதால் வகுத்தேன்: 0.41 ஓம். பெருக்கினேன்: 8.7 வாட். அவ்வளவு சூடும் வழியில் எங்கோ வீணாகிறது. பல்புக்குக் கிடைத்ததோ 10.5 × 4.6 = 48 வாட்தான்.

சூடு இருந்தால் கைக்குத் தெரியும். ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். இன்ஜின் பெட்டிக்குப் பின்னால், டேப் சுற்றிய ஒரு முறுக்கு இணைப்பு கதகதவென்றிருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு டேப்பைப் பிரித்தால், செம்புக் கம்பி பச்சை பூத்து, நகத்தால் சுரண்டினாலே பொடியாக உதிர்ந்தது. உப்புக் காற்று டேப்புக்குள்ளும் புகுந்துவிடும். கெட்டுப்போன நீளத்தை வெட்டி எறிந்தேன். பளபளப்பான கம்பி தெரியும்வரை சீவி, லக் (கம்பிகளை இணைக்கும் உலோகத் துண்டு) வைத்து நசுக்கி, மேலே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயைச் சூடு காட்டிச் சுருக்கினேன்.

திரும்ப அளந்தேன். பேட்டரியில் 12.4, பல்பில் 12.2, கரண்ட் 5 ஆம்பியர். வழியில் இழப்பு 0.2 வோல்ட்: 0.04 ஓம், 1 வாட். பல்புக்கு 61 வாட் போய்ச் சேர்ந்தது.