‘எனக்கு பென்ஷன் வேண்டாம்’ என்று ஊழியர் சொன்னாலும்: பிரிட்டனில் ஆட்டோ என்ரோல்மென்ட்டும் முதலாளியின் கடமைகளும்

வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் கல்லாவில் நிற்கும் 23 வயது மாணவர். “படிப்பு முடிந்தால் ஊருக்குப் போய்விடுவேன். எனக்கு பென்ஷன் எல்லாம் வேண்டாம், சம்பளத்தில் பிடிக்காதீர்கள்” என்கிறார். கடைக்காரரும் சரி என்கிறார். இருவருக்கும் முழுச் சம்மதம். சட்டத்துக்கு மட்டும் சம்மதமில்லை. சிறு கடைகளும் உணவகங்களும் இந்த விஷயத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஏமாற்றப் போய் அல்ல; இப்படி ஒத்துப்போய்த்தான்.

கணக்கைப் பாருங்கள். 2025–26 நிதியாண்டில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்குக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.21 பவுண்டு. பதினாறு மணிக்கு 195.36. ஆட்டோ என்ரோல்மென்ட், அதாவது தகுதியுள்ள ஊழியரை முதலாளியே பென்ஷன் திட்டத்தில் சேர்க்கும் கட்டாய ஏற்பாட்டுக்கான சம்பள எல்லை வாரத்துக்கு 192 பவுண்டு. மூன்று பவுண்டு முப்பத்தாறு பென்ஸ் தாண்டியதால் அவரைச் சேர்த்தே ஆக வேண்டும். அவர் எந்த விசாவில் இருக்கிறார் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. விலகுவது அவருடைய உரிமை. ஆனால் முதலில் சேர்க்க வேண்டும், பிறகுதான் அவர் விலகலாம். இந்த வரிசையை மாற்ற முதலாளிக்கு அதிகாரம் கிடையாது.

கடமை எந்த நாளில் தொடங்குகிறது

2008ஆம் ஆண்டின் பென்ஷன் சட்டத்தின் கீழ் 2012 அக்டோபரில் பெரிய நிறுவனங்களில் தொடங்கி இந்தக் கடமை படிப்படியாகச் சிறு முதலாளிகள் வரை இறங்கி வந்தது. 2017 அக்டோபருக்குப் பிறகு புதிதாக ஆள் எடுக்கும் எவருக்கும் அவகாசம் இல்லை: முதல் ஊழியர் வேலைக்கு வந்த நாளே கடமை தொடங்கும் நாள். பி.ஏ.ஒய்.இ (சம்பளத்திலேயே வரி பிடித்துக் கட்டும் முறை) கணக்கு திறந்த நாள் அல்ல, முதல் சம்பளம் கொடுத்த நாளும் அல்ல. இந்தத் தேதியை எங்காவது எழுதி வையுங்கள். பின்னால் வரும் கெடுக்கள் இதிலிருந்துதான் எண்ணப்படும்.

ஒரே ஒரு டைரக்டர், வேறு ஊழியர் யாரும் இல்லை என்றால் கடமை இல்லை. பல டைரக்டர்கள் இருந்து, யாருக்குமே வேலை ஒப்பந்தம் இல்லை, அல்லது ஒருவருக்கு மட்டும் இருக்கிறது, வெளி ஊழியர் இல்லை என்றாலும் கடமை இல்லை. இரண்டு டைரக்டர்களுக்கு ஒப்பந்தம் இருந்தால் கதை மாறும். கடமை இல்லாதவர்களும், இந்தச் சட்டத்தைக் கண்காணிக்கும் அமைப்பான பென்ஷன்ஸ் ரெகுலேட்டருக்கு அதை இணையத்தில் தெரிவிக்க வேண்டும். ரெகுலேட்டர் அனுப்பும் கடிதத்தைக் குப்பையில் போட்டால் நினைவூட்டல்தான் வரும்.

மனைவியோ தம்பியோ சம்பளத்துக்கு வேலை செய்தால் அவர்களும் ஊழியர்களே. உறவுக்கென்று விலக்கு இல்லை. “அவர் செல்ஃப் எம்ப்ளாய்ட்” என்று பெயர் வைத்துவிட்டால் போதும் என்பதும் தப்பு. ஒருவர் தானே நேரில் வந்து வேலை செய்ய வேண்டும், தனக்குப் பதில் இன்னொருவரை அனுப்ப முடியாது, நேரத்தை நீங்கள்தான் முடிவு செய்கிறீர்கள் என்றால், பி.ஏ.ஒய்.இ-யில் இல்லாவிட்டாலும் இந்தச் சட்டத்தின் கண்ணில் அவர் உங்கள் ஊழியராகலாம்.

யாரைச் சேர்க்க வேண்டும்

வயது 22 முதல் அரச ஓய்வூதிய வயது வரை, ஆண்டுக்கு 10,000 பவுண்டுக்கு மேல் என்ற விகிதத்தில் சம்பளம், வழக்கமாக பிரிட்டனில் வேலை. மூன்றும் பொருந்தினால் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

16 முதல் 74 வயதுக்குள் இருந்து, 6,240-க்கு மேல் 10,000 வரை சம்பாதிப்பவரை நீங்களாகச் சேர்க்க வேண்டியதில்லை; அவர் எழுதிக் கேட்டால் சேர்க்க வேண்டும், உங்கள் பங்கையும் கட்ட வேண்டும். 22 வயது ஆகாதவரும் அரச ஓய்வூதிய வயதைத் தாண்டியவரும் 10,000-க்கு மேல் சம்பாதித்தாலும் இந்த வகையே. 6,240 அல்லது அதற்குக் கீழ் என்றால், கேட்டால் ஒரு திட்டத்தில் இடம் கொடுக்க வேண்டும், உங்கள் பங்கு கட்டாயமில்லை. வயது வரம்பை 18 ஆகக் குறைக்க வழிசெய்யும் சட்டம் 2023இல் நிறைவேறியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் விதிகள் இன்னும் வராததால் இப்போதைக்கு 22 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கடைகளில் வேலை செய்பவரின் சம்பளத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு முதலாளியும் தான் கொடுப்பதை மட்டுமே பார்க்கிறார்.

ஆண்டுக் கணக்கு போடாதீர்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான். “வருஷத்துக்கு மொத்தமே எட்டாயிரம்தான் வாங்குவார், பத்தாயிரம் எங்கே தொடும்?” என்று விட்டுவிடுகிறார்கள். சட்டம் ஆண்டைப் பார்ப்பதில்லை. சம்பளம் போடும் ஒவ்வொரு தடவையையும் தனித்தனியாகப் பார்க்கிறது. வாரச் சம்பளம் என்றால் எல்லை 192, இரண்டு வாரத்துக்கு 384, நான்கு வாரத்துக்கு 768, மாதத்துக்கு 833 பவுண்டு. வாரம் பத்து மணி நேரம் மட்டும் வருபவர், டிசம்பரில் ஒருவர் லீவு போட்டதால் ஒரே ஒரு வாரம் இருபத்தைந்து மணி நேரம் செய்தார் என்றால், அந்த வாரத்திலேயே எல்லையைத் தாண்டிவிட்டார். ஓவர்டைம், போனஸ், கமிஷன், விடுமுறைச் சம்பளம், நோய்க்கால, மகப்பேற்றுக்காலச் சம்பளம் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

பே-ரோல் மென்பொருள் இதைத் தானாகப் பிடித்துவிடும், பிறந்த தேதி சரியாக இருந்தால். ஒருவருக்கு 22 வயது நிறையும் நாளையும் அதுதான் காட்டிக்கொடுக்க வேண்டும். புதிய ஆள் வரும்போது பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தேதியை உள்ளிடுங்கள். வாயால் சொன்னதை வைத்துப் போடாதீர்கள்.

டிசம்பர் வாரப் பிரச்சினைக்குச் சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது: ஒத்திவைப்பு. அதிகபட்சம் மூன்று மாதம் சேர்ப்பதைத் தள்ளிப்போடலாம். கடமை தொடங்கிய நாளிலிருந்தோ, ஊழியர் வேலைக்கு வந்த நாளிலிருந்தோ, அவர் முதன்முதலில் எல்லையைத் தாண்டிய நாளிலிருந்தோ இதைத் தொடங்கலாம். ஆறு வாரத்துக்குள் அவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதம் போகாவிட்டால் ஒத்திவைப்பே இல்லை, முதல் நாளிலிருந்தே சேர்க்க வேண்டியவராகிவிடுவார். ஒத்திவைத்த காலத்தின் கடைசி நாளில் மறுபடி பாருங்கள். அப்போதும் தகுதி இருந்தால் அன்றே சேர்க்க வேண்டும், நீட்டிக்க முடியாது. இல்லையென்றால் விட்டுவிட்டு, வழக்கம்போல் ஒவ்வொரு சம்பளத்திலும் கவனித்து வரலாம். இடையில் அவரே “சேருங்கள்” என்று கேட்டால் மறுக்க முடியாது. ஆட்கள் அடிக்கடி மாறும் உணவகங்களில் ஒத்திவைப்பைப் பயன்படுத்தாமல் இருப்பது வீண் வேலை என்பதே எங்கள் கருத்து.

திட்டமும் வரிச் சலுகையும்

நெஸ்ட், பீப்பிள்ஸ் பென்ஷன், நவ் பென்ஷன்ஸ், ஸ்மார்ட் பென்ஷன் ஆகியவை சிறு முதலாளிகள் அதிகம் நாடும் பென்ஷன் திட்டங்கள். எந்த முதலாளி வந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கடப்பாடு நெஸ்டுக்கு உண்டு. ஒருவர் மட்டும் இருந்தாலும் திருப்பி அனுப்பாது. முதலாளியிடம் கட்டணமும் வாங்காது.

தேர்வு செய்யும்போது கேட்க வேண்டிய கேள்வி: வரிச் சலுகை எந்த முறையில் வருகிறது? ஒரு முறையில் வரி பிடித்த பிறகு மிஞ்சும் சம்பளத்திலிருந்து பங்கு கழிக்கப்படும், 20 சதவீதச் சலுகையைத் திட்டம் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி-யிடமிருந்து வாங்கி ஊழியரின் கணக்கில் போடும். நெஸ்ட் இப்படித்தான். இன்னொரு முறையில் வரி கணக்கிடுவதற்கு முன்பே பங்கு கழிக்கப்படும். ஆண்டுக்கு 12,570 பவுண்டுக்குக் கீழ் வாங்கி வரியே கட்டாதவருக்கு முதல் முறையில் உடனே சலுகை கிடைக்கும். பகுதி நேர ஊழியர் அதிகம் இருக்கும் கடைக்கு அதுவே பொருத்தம்.

எவ்வளவு கட்ட வேண்டும்

2019 ஏப்ரல் முதல் மொத்தம் குறைந்தது 8 சதவீதம், அதில் முதலாளியின் பங்கு குறைந்தது 3. ஆனால் முழுச் சம்பளத்தில் அல்ல. ஆண்டுக்கு 6,240 முதல் 50,270 வரை உள்ள பகுதியில் மட்டும். மாதக் கணக்கில் 520 முதல் 4,189 வரை.

மாதம் 1,500 பவுண்டு வாங்குபவருக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500-இல் 520 போனால் 980. முதலாளி 3 சதவீதம், 29.40. ஊழியர் 5 சதவீதம், 49.00. நெஸ்ட் போன்ற திட்டத்தில் அந்த 49-இல் 39.20 மட்டுமே சம்பளத்தில் கழிக்க வேண்டும், மீதி 9.80 அரசு தரும் வரிச் சலுகை. மொத்தம் 78.40 அவருடைய கணக்கில் சேரும்.

இங்கேதான் பே-ரோல் அமைப்பில் ஒரு தவறு நடக்கும். மென்பொருளில் வரிச் சலுகை முறையைத் தேர்வு செய்யாமல் வெறும் “5 சதவீதம்” என்று போட்டுவிட்டால், வரி பிடித்த சம்பளத்தில் 49 முழுதாகக் கழிந்து ஊழியர் மாதம் 9.80 அதிகமாக இழப்பார். முறையை மாற்றித் தேர்ந்தெடுத்தால் வரிக்கு முன்பே கழிந்து, திட்டமும் சலுகை கேட்டு, இரட்டைச் சலுகையாகி பின்னால் திருத்தம் வரும். முதல் மாதப் பே ஸ்லிப்பைக் கையால் ஒரு தடவை போட்டுச் சரிபாருங்கள். பத்து நிமிட வேலை.

தொடக்கத்தில் சொன்ன மாணவருக்கு? 195.36-இல், வாரக் கணக்கில் கீழ் எல்லையான 120 போக 75.36. உங்கள் பங்கு வாரத்துக்கு 2.26 பவுண்டு. இந்தத் தொகைக்குப் பயந்துதான் பலர் மணி நேரத்தைப் பிரித்து எழுதுகிறார்கள்.

கடிதம், விலகல், பேசக்கூடாத பேச்சு

சேர்த்த ஆறு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் கடிதமோ மின்னஞ்சலோ போக வேண்டும்: எந்தத் தேதியில் சேர்க்கப்பட்டார், எந்தத் திட்டம், யார் எவ்வளவு கட்டுகிறார்கள், விலகுவது எப்படி. ரெகுலேட்டரின் தளத்தில் மாதிரிக் கடிதங்கள் இருக்கின்றன. சொந்தமாக எழுத வேண்டியதில்லை. நோட்டீஸ் பலகையில் ஒட்டினால் செல்லாது.

விலக விரும்புபவருக்கு ஒரு மாதம். உறுப்பினரான நாள், கடிதம் கிடைத்த நாள், இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதிலிருந்து எண்ண வேண்டும். விலகல் படிவத்தை அவரே திட்டத்திடமிருந்து வாங்க வேண்டும். நெஸ்ட் என்றால் இணையத்தில் அவரே முடிக்கலாம். நீங்கள் அச்சடித்து, அப்பாயின்ட்மென்ட் கடிதத்தோடு சேர்த்து நீட்டிக் கையெழுத்து வாங்கினால் அது செல்லாது, சட்டமீறலும் கூட. “பென்ஷன் வேண்டாம் என்றால் வேலை”, “விலகினால் மணிக்கு இருபது பென்ஸ் கூட்டித் தருகிறேன்” என்ற பேச்சுகளும் அப்படியே. வேலைக்கு எடுக்கும்போது இப்படிக் கேட்டதற்கு முதலாளியின் அளவைப் பொறுத்து 1,000 முதல் 5,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

ஒரு மாதத்துக்குள் விலகினால் பிடித்த பணத்தை அடுத்த ஒரு மாதத்துக்குள் முழுதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். தாமதமாக விலகினால் அதுவரை கட்டியது பொதுவாகத் திட்டத்திலேயே ஓய்வு வரை இருக்கும். இதை அவரிடம் சொல்வது அறிவுரை ஆகாது, தகவல்தான், சொல்லலாம்.

டிக்ளரேஷன்

கடமை தொடங்கிய நாளிலிருந்து ஐந்து மாதத்துக்குள் ரெகுலேட்டரின் தளத்தில், கடமைகளை எப்படி நிறைவேற்றினீர்கள் என்று சொல்லும் ‘டிக்ளரேஷன் ஆஃப் கம்ப்ளையன்ஸ்’ கொடுக்க வேண்டும். ரெகுலேட்டர் அனுப்பிய கடிதத்தில் உள்ள லெட்டர் கோடு, பி.ஏ.ஒய்.இ எண், திட்டத்தின் குறியீட்டு எண், எத்தனை பேரைச் சேர்த்தீர்கள், எத்தனை பேரைச் சேர்க்கவில்லை என்ற எண்ணிக்கை ஆகியவை கையில் இருக்கட்டும்.

யாரையுமே சேர்க்க வேண்டியிராவிட்டாலும் டிக்ளரேஷன் கட்டாயம். “எங்கள் கடையில் யாரும் பத்தாயிரம் வாங்கவில்லையே, எதற்குப் படிவம்?” என்று விட்டவருக்கும் அபராதக் கடிதம் வரும். அக்கவுன்டன்ட் உங்களுக்காகச் செய்யலாம், பொறுப்பு உங்களுடையது. பே-ரோல் அவர் செய்கிறார் என்பதால் இதையும் செய்வார் என்று நினைக்காதீர்கள். முடித்ததற்கான உறுதிப்படுத்தல் மின்னஞ்சலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

மாதாமாதமும், மூன்று ஆண்டுக்கு ஒருமுறையும்

சம்பளத்தில் பிடித்த பணம் அடுத்த மாதம் 22ஆம் தேதிக்குள் திட்டத்துக்குப் போக வேண்டும். காசோலை என்றால் 19. திட்டம் இதைவிட முந்தைய தேதி வைத்திருந்தால் அதுதான் கெடு. யாரை எப்போது சேர்த்தீர்கள், எவ்வளவு கட்டினீர்கள் என்ற பதிவுகளை ஆறு ஆண்டுகள், விலகல் அறிவிப்புகளை நான்கு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

மூன்று ஆண்டுகள் ஆனதும், விலகியவர்களில் தகுதி உள்ளவர்களை மறுபடி சேர்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டு நிறைவுக்கு மூன்று மாதம் முன்பிருந்து மூன்று மாதம் பின்பு வரை ஏதாவது ஒரு நாளை நீங்களே தேர்வு செய்யலாம். இதற்கு ஒத்திவைப்பு கிடையாது. கடைசி 12 மாதத்துக்குள் விலகியவரைச் சேர்ப்பது உங்கள் விருப்பம். சேர்க்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மூன்றாம் ஆண்டு நிறைவிலிருந்து ஐந்து மாதத்துக்குள் மறுபடியும் டிக்ளரேஷன். முதல் தடவை ஒழுங்காகச் செய்தவர்கள்கூட மறப்பது இதைத்தான்.

தவறிவிட்டால்

முதலில் எச்சரிக்கை நோட்டீஸ், பிறகு 400 பவுண்டு அபராதம். அதற்கும் அசையாவிட்டால் நாள் கணக்கில் ஏறும்: 4 பேர் வரை நாளுக்கு 50, 5 முதல் 49 பேர் வரை நாளுக்கு 500. ஐந்தாவது ஆள் வந்ததும் தொகை பத்து மடங்காவதைக் கவனியுங்கள். ஆறு பேர் வேலை செய்யும் உணவகத்துக்கு ஒரு வாரத்தில் 3,500.

ஒருவரைச் சேர்க்கத் தவறியது பின்னால் தெரிந்தால், தெரிந்த நாளிலிருந்து சேர்த்தால் போதாது. அவர் முதலில் எல்லையைத் தாண்டிய சம்பளத்தைப் பழைய பே ஸ்லிப்புகளில் தேடி, அந்தத் தேதியிலிருந்து சேர்த்து, விட்டுப்போன உங்கள் பங்கு முழுவதையும் கட்டுங்கள். ஊழியரின் பங்கை ஒரே சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துவிடாமல் அவரிடம் பேசித் தவணையாக வாங்குங்கள். நெடுநாள் நிலுவையானால் அவருடைய பங்கையும் நீங்களே கட்டச் சொல்லும் அதிகாரம் ரெகுலேட்டருக்கு உண்டு. நோட்டீஸ் ஏற்கெனவே வந்திருந்தால் அதில் உள்ள தேதிக்குள் முதலில் வேலையை முடியுங்கள், பிறகு மேல்முறையீட்டை யோசியுங்கள். அபராதத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லிக் கேட்க 28 நாள்தான்.