செல்போன் டவர் கதிர்வீச்சை அளக்கப் போகிறீர்களா? மீட்டரை விட இடமும் நேரமும் முக்கியம்

போனில் இறக்கிக்கொள்ளும் ஆப்புகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள். அவை காட்டும் டிபிஎம் எண், உங்கள் போன் பிடித்திருக்கும் சிக்னல் எவ்வளவு வலுவாக வருகிறது என்பதை மட்டும்தான் சொல்லும், பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் வேறு கம்பெனி ஆன்டெனா அந்தக் கணக்கிலேயே வராது. இன்னும் சில ஆப்புகள் திசைகாட்டிக்காக வைத்த காந்த சென்சாரைப் படித்துவிட்டு 'கதிர்வீச்சு' என்று சிவப்பு முள்ளை ஆட்டுகின்றன. சுத்தப் பொய்.

மீட்டர் வாங்கினாலோ வாடகைக்கு எடுத்தாலோ, மூன்று அச்சிலும் (நீளம், அகலம், உயரம் என எல்லாத் திசையிலும்) அளக்கிறதா, அலைவரிசையில் 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து குறைந்தது 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டுகிறதா, கேலிபரேஷன் சான்றிதழ் (சரியாக அளக்கிறது என்று சோதித்த சான்று) இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே அச்சில் அளக்கும் மலிவு மீட்டரைக் கொஞ்சம் திருப்பினாலே எண் மாறிவிடும்.

சரி, எங்கே நின்று அளப்பது? பலரும் நேராக டவர் அடியில் போய் நிற்கிறார்கள், அங்கே பெரும்பாலும் குறைவாகத்தான் காட்டும். ஆன்டெனாவின் வீச்சு, லேசாகக் கீழே சாய்த்துப் பிடித்த டார்ச் வெளிச்சம் மாதிரி முன்னால் போகிறது. தரையைத் தொடுவது பொதுவாக 50 முதல் 300 மீட்டர் தள்ளி. ஆகவே அந்தத் தூரத்துத் தெருக்கள், அப்புறம் ஆன்டெனாவின் உயரத்திலேயே அதைப் பார்த்தபடி இருக்கும் மேல்மாடி ஜன்னல்கள், மொட்டை மாடிகள், இவைதான் முதலில் அளக்க வேண்டியவை.

அளக்கும்போது உங்கள் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் டவரை விட்டுவிட்டு உங்கள் பையைத்தான் அளப்பீர்கள். உடம்பும் அலையைத் தடுக்கும், எதிரொலிக்கும்; மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன ஸ்டாண்டில் மீட்டரை வைத்துவிட்டு விலகி நிற்பது நல்லது. நகரத்தில் சுவருக்குச் சுவர் அலை மோதித் திரும்புவதால், ஒரு சாண் நகர்த்தினாலே எண் பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளமே சுமார் 33 சென்டிமீட்டர்தான், அதனால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எனவே 1.1, 1.5, 1.7 மீட்டர் உயரங்களில் தலா ஆறு நிமிடம் சராசரி எடுத்து, வாட்/சதுர மீட்டர் அலகில் மூன்றின் சராசரியைப் பாருங்கள். ஒரு கணம் துள்ளிய உச்ச எண்ணைப் படம்பிடித்துப் பரப்புவது அளவீடு ஆகாது.

காலையில் ஒரு தடவை, ஆட்கள் வீடியோ பார்க்கும் இரவு நேரத்தில் ஒரு தடவை என்று அளக்க வேண்டும், ஏனென்றால் டவர் எவ்வளவு அனுப்புகிறது என்பது எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 5ஜியில் இது இன்னும் அதிகம்: பல ஆன்டெனாக்கள் பயன்படுத்துபவர் இருக்கும் பக்கம் கதிரைத் திருப்புகின்றன. யாரும் பயன்படுத்தாத நேரத்தில் அளந்துவிட்டு 'ஒன்றுமே இல்லை' என்று சொல்லக் கூடாது. இன்னொருவரைச் சில மீட்டர் தள்ளி நிற்கவைத்து 5ஜி போனில் பெரிய ஃபைல் ஒன்றை இறக்கச் சொல்லி, அப்போதும் அளந்து பாருங்கள்.

கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். மின்புலத்தின் வலிமையைச் சொல்லும் வோல்ட்/மீட்டர் எண்களை நேரடியாகக் கூட்டக் கூடாது. வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 0.6, 0.8 என்று இரண்டு அலைவரிசைகளில் வந்தால் மொத்தம் 1.4 அல்ல, 1 தான். அதன் வர்க்கத்தை 377ஆல் வகுத்தால் வாட்/சதுர மீட்டர் கிடைக்கும், இங்கே சுமார் 0.0027.

இத்தகைய கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையமான ஐசிஎன்ஐஆர்பி பொதுமக்களுக்குச் சொல்லும் வரம்பு 900 மெகாஹெர்ட்ஸில் 4.5 வாட்/சதுர மீட்டர் (சுமார் 41 வோல்ட்/மீட்டர்), 1800இல் 9, 2 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் 10. சில நாடுகளில் வரம்பு இதைவிடக் கடுமை, ஆகவே உங்கள் நாட்டு விதியோடு ஒப்பிடுங்கள். யாராவது 'வரம்பில் 10 சதவீதம்' என்றால் புலத்திலா (வோல்ட்/மீட்டர்), திறனிலா (வாட்/சதுர மீட்டர்) என்று கேளுங்கள்: 900இல் 4.1 வோல்ட்/மீட்டர் என்பது புலத்தில் பத்தில் ஒரு பங்கு, திறனில் நூறில் ஒரு பங்குதான்.

ஒவ்வோர் எண்ணோடும் இடம், மாடி, நேரம், ஜன்னல் திறந்திருந்ததா, ஆன்டெனா கண்ணுக்குத் தெரிந்ததா, மீட்டரின் மாடல் என்ன என்பதைக் குறித்து வையுங்கள். எண் வரம்புக்குப் பக்கத்தில் வந்தால், இந்தக் குறிப்போடு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அலுவலகத்துக்கு எழுதி, அலைவரிசை வாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியால் மறுபடி அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.