பழைய நாற்காலியைத் தள்ளிவிடுமுன் கவிழ்த்துப் பாருங்கள்

மெத்தை கிழிந்த கை வைத்த நாற்காலியைப் பழைய சாமான்காரரிடம் போடுமுன், அதைக் கவிழ்த்து அடித்துணியை விலக்கிச் சட்டத்தைப் பாருங்கள். தேக்காக இருந்து, கைப்பிடியைப் பிடித்து ஆட்டினாலும் மூட்டு அசையவில்லை என்றால் புதுசு வேண்டாம். துணியும் ஸ்பாஞ்சும் மாற்றினால் போதும்.

விலையில் பெரும்பகுதி மரத்துக்கும் ஆசாரி வேலைக்கும்தான் போகிறது. கெட்டுப்போவது மேல்துணியும் அமுங்கிய ஸ்பாஞ்சும். நம் ஊர்ப்பக்க வீடுகளில் கிடக்கும் பர்மா தேக்குக்கு இணையான மரத்தை இப்போது தேடிப் பிடிப்பதே பாடு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வெறும் சட்டத்துக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வாருங்கள், தூக்கிப்போட மனசு வராது.

துணியை நீங்களே வாங்கி மெத்தை தைப்பவரிடம் கொடுங்கள். மரக்கை நாற்காலியில் உட்காரும் இடத்துக்கும் முதுகுக்கும் மட்டும் மெத்தை என்றால், 54 அங்குல அகலத் துணி 2 மீட்டர் பெரும்பாலும் போதும். உட்காரும் மெத்தைக்கு 40 டென்சிட்டி (அடர்த்தி) ஸ்பாஞ்ச் கேளுங்கள். பழைய துணியைக் கிழிக்காமல் பிரித்தெடுத்தால் அதுவே வெட்டு அளவு.

பிரம்புப் பின்னல் அறுந்திராமல் தொய்ந்து மட்டும் இருந்தால் செலவே இல்லை. வெந்நீரில் நனைத்த துண்டை அடிப்பக்கம் வைத்து ஊறவிட்டு, ஒரு நாள் யாரும் உட்காராமல் நிழலில் காயவிடுங்கள். காயும்போது பிரம்பு சுருங்கி இறுகும். பிளாஸ்டிக் வயருக்கு இது பலிக்காது.

சட்டம் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய துகள் பலகையாக இருந்தால் மெனக்கெடாதீர்கள், ஆணி மறுபடி பிடிக்காது. நாற்காலிக்கு அடியில் மாவுபோலத் தூள் கொட்டிக் கிடந்தால் மரம் உளுக்கிறது. முதலில் ஆசாரியிடம் காட்டுங்கள், துணிக்கடைக்கு அப்புறம் போகலாம்.