சாங்கியில் இறங்கியதும் போனில் இணையம்: ஊரில் செய்ய வேண்டியதும் அங்கே செய்ய வேண்டியதும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் வைஃபை இலவசம். சிம் விற்கும் கவுண்டர்கள் வருகைக் கூடத்திலேயே இருக்கின்றன. அப்படியும் இணையம் இல்லாமல் சிலர் பெட்டியோடு நிற்கிறார்கள் என்றால், கோளாறு பெரும்பாலும் சாங்கியில் இருக்காது. சென்னையிலோ திருச்சியிலோ வீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் முடித்திருக்க வேண்டிய ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கும்.

முதலில் போனைப் பாருங்கள். சிங்கப்பூரில் 2ஜி 2017-லேயே போய்விட்டது, 3ஜி 2024-ல் நிறுத்தப்பட்டது. மகன் வீட்டுக்குப் போகும் அப்பா தன் பழைய பட்டன் போனை எடுத்துப் போனால், எந்த சிம் போட்டாலும் அதில் சிக்னலே வராது. 4ஜி போன் வேண்டும், அதில் 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்ட்இ வசதியும் இருக்க வேண்டும். 4ஜி பட்டன் போன்களிலும் ஒரு சிக்கல் உண்டு: ஜியோபோன் மாதிரியானவை ஜியோ சிம்மை மட்டுமே ஏற்கும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் தவணையில் வாங்கிக் கொடுத்த போனையும் சோதிக்க வேண்டும், விற்ற நிறுவனத்தின் சிம்மை மட்டுமே ஏற்கும்படி அது பூட்டப்பட்டிருக்கலாம். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் என்று போனால் ‘கேரியர் லாக்’ என்ற வரி இருக்கும். அங்கே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ என்று இருந்தால் பயமில்லை. வேறு எதுவும் இருந்தால் சாங்கியில் வாங்கும் சிம் அதில் வேலை செய்யாது.

அடுத்தது, உங்கள் போன் இ-சிம்மை, அதாவது அட்டை இல்லாமல் இணையம் வழியே போனுக்குள் நிறுவும் சிம்மை, ஏற்குமா என்பது. டயல் பேடில் *#06# அடித்தால் ஐஎம்இஐ எண்களோடு ‘இஐடி’ என்று 32 இலக்க எண் ஒன்றும் வந்தால், பெரும்பாலும் ஏற்கும். ஐபோனில் 2018-ல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் இந்த வசதி உண்டு, சீனாவில் விற்கப்பட்ட மாடல்கள் நீங்கலாக. இதற்கு நேர்மாறாக, அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14-லும் அதற்குப் பிந்தையவற்றிலும் சிம் தட்டே கிடையாது. அந்த போன் வைத்திருப்பவருக்கு கவுண்டரில் பிளாஸ்டிக் சிம் வாங்கிப் பயனில்லை, இ-சிம் ஒன்றே வழி.

இந்திய சிம்மை என்ன செய்வது? கழற்றாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும், யுபிஐ அதோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் பதிவு செய்த சிம்மோடு பிணைந்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டது. ஆக, இரண்டு சிம் தட்டுள்ள போன் அல்லது இந்திய சிம்மோடு ஓர் இ-சிம் என்ற அமைப்புதான் நல்லது. சில போன்களில் இரண்டாவது தட்டு மெமரி கார்டுக்கும் சேர்த்து ஒன்றுதான். அப்படியானால் கார்டில் இருப்பதைக் கிளம்பும் முன் நகல் எடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள்.

அந்த இந்திய எண்ணில் இன்டர்நேஷனல் ரோமிங்கை உங்கள் நிறுவனத்தின் ஆப்பில் போய் ஆன் செய்யுங்கள். ரீசார்ஜ் காலாவதி நாளையும் பாருங்கள். பயணத்தின் நடுவில் பேக் முடிந்தால் எஸ்எம்எஸ் நின்றுவிடும், ஓடிபியும் நின்றுவிடும். சில ப்ரீபெய்ட் எண்களுக்குச் சின்னதாக ஒரு ரோமிங் பேக் போட்டால்தான் வெளிநாட்டில் சேவையே திறக்கும், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேக் இல்லாமல் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு இல்லை. அழைப்பை எடுத்தால் உண்டு. அழைப்பவரிடம் வாட்ஸ்அப்பில் வரச் சொல்லிவிடலாம். மூன்று நான்கு நாள் பயணம்தான் என்றால், இந்த சிம்மிலேயே டேட்டாவோடு கூடிய ரோமிங் பேக் போட்டுக்கொண்டு போவது கொஞ்சம் விலை கூடினாலும் தலைவலி குறைவு. ஒரு வாரத்துக்கு மேல் என்றால் அங்கத்திய சிம்தான் கட்டுப்படியாகும்.

இ-சிம்மை முன்கூட்டியே வாங்குவதானால் கவனிக்க வேண்டியவை சில. பயண இ-சிம் விற்கும் ஏர்அலோ, ஹோலாஃப்ளை செயலிகள் 2024 ஜனவரியில் அரசு சொன்னதன்பேரில் இந்திய ஆப் ஸ்டோர்களிலிருந்து எடுக்கப்பட்டன. சிங்கப்பூர் நிறுவனங்களே சுற்றுலாப் பயணிகளுக்கு இணையத்தில் இ-சிம் விற்கின்றன, அதற்கு பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுத்து ஏற்ற வேண்டியிருக்கும். வேலிடிட்டி எப்போது தொடங்குகிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்: நிறுவியதுமா, சிங்கப்பூர் நெட்வொர்க்கைத் தொட்டதுமா? இரண்டாவது வகை என்றால் வீட்டு வைஃபையிலேயே நிறுவி, அந்த லைனை ஆஃப் செய்து வைத்துவிடலாம். நிறுவுவதற்கே இணையம் வேண்டும் என்பதால் இதுதான் நிம்மதி. க்யூஆர் கோடு வந்திருப்பது எந்த போனிலோ, அதே போனின் கேமராவால் அதை ஸ்கேன் செய்ய முடியாது. ஒரு பேப்பரில் அச்செடுங்கள், அல்லது வீட்டில் இன்னொருவர் போனுக்கு அனுப்பித் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு கோடு பெரும்பாலும் ஒரு முறைதான் வேலை செய்யும். இணையம் வரவில்லையே என்ற பதற்றத்தில் இ-சிம்மை அழித்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இன்னும் இரண்டு வேலை. சிங்கப்பூருக்குள் நுழைவதற்கான இணையப் படிவமான எஸ்ஜி அரைவல் கார்டை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் தளம் ஆணையத்துடையது அல்ல. டாக்ஸி அழைக்க உதவும் கிராப் ஆப்பை நிறுவி இந்திய எண்ணால் பதிவு செய்துவிடுங்கள். டேட்டா மட்டும் தரும் இ-சிம்களில் எண்ணே கிடையாது, எனவே அங்கே போய்ப் பதிவு செய்ய நினைத்தால் ஓடிபிக்கு மறுபடி இந்திய சிம்மைத்தான் நம்ப வேண்டும்.

இனி சாங்கி. இறங்கியதும் ‘#வைஃபை@சாங்கி’ என்ற பெயரைத் தேர்ந்தெடுங்கள். ஒப்புதல் கேட்கும் பக்கம் திறக்காவிட்டால் விபிஎன்னை அணையுங்கள். ஆண்ட்ராய்டில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ வைத்திருந்தால் அதையும் அணையுங்கள், விளம்பரத் தடுப்புக்காகப் போட்டுவிட்டு மறந்திருப்பீர்கள். பிறகு பிரௌசரில் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று அடித்தால் பக்கம் வந்துவிடும்.

பிளாஸ்டிக் சிம் வேண்டுவோர் குடிநுழைவு முடித்து, பெட்டி எடுத்து, வெளியே வந்தால் சாங்கி ரெகமெண்ட்ஸ் கவுண்டர் இருக்கும். யுஓபி நாணய மாற்றுக் கவுண்டர்களிலும் சிம் கிடைக்கும். சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என்று எதை வாங்கினாலும் நகரத்துக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. பலகையில் விலையையும் நாட்களையும் பார்த்து எடுங்கள். 100 ஜிபி என்று கொட்டை எழுத்தில் இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், மேப்பும் வாட்ஸ்அப்பும் பார்ப்பவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். பாஸ்போர்ட் அசல் கட்டாயம், போன் படம் செல்லாது. வாங்குபவருக்கு 15 வயது ஆகியிருக்க வேண்டும். ஒருவர் பெயரில் மூன்று ப்ரீபெய்ட் சிம் வரைதான், ஆகவே ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரே பாஸ்போர்ட்டை நீட்டிப் பயனில்லை.

சிம் ஊசி கவுண்டரில் இருக்கும். நீங்களே குத்துவதானால் தட்டின் ஓரத்தில் உள்ள ஓட்டையில் மட்டும் குத்துங்கள். கொஞ்சம் தள்ளித் தனியாக இருக்கும் இன்னொரு சின்ன ஓட்டை மைக். அதில் குத்தினால் அதன்பின் நீங்கள் பேசுவது எதிராளிக்குக் கேட்காமல் போகலாம்.

கவுண்டரை விட்டு நகரும் முன் வைஃபையை அணைத்துவிட்டு ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். இதைச் செய்யாதவர்கள் விமான நிலைய வைஃபையை சிம் இணையம் என்று நம்பி டாக்ஸி வரிசைக்குப் போய்விடுகிறார்கள். பக்கம் திறக்கவில்லை என்றால் வரிசையாகப் பாருங்கள். மொபைல் டேட்டாவுக்குப் புது லைன் தேர்வாகியிருக்கிறதா? இந்திய லைனில் டேட்டா ரோமிங் ஆஃபா? பயண இ-சிம் என்றால் அந்த லைனில் மட்டும் டேட்டா ரோமிங் ஆன் ஆக வேண்டும். அது வேறு நாட்டு நிறுவனத்தின் சிம்மாக இருக்கலாம் என்பதால் சிங்கப்பூரில் அதுவும் விருந்தாளிதான். சிக்னல் கட்டைகள் முழுசாக நின்றும் இணையம் வராததற்குப் பாதிக் காரணம் இந்த ஒரே ஸ்விட்ச். மீதிக்கு ஏபிஎன், அதாவது மொபைல் நெட்வொர்க் செட்டிங்ஸில் இருக்கும் இணைய இணைப்பின் பெயர்: சிம் அட்டையிலோ மின்னஞ்சலிலோ கொடுத்திருக்கும் பெயரை எழுத்துப் பிசகாமல் சேர்த்து, ஏரோபிளேன் மோடை அரை நிமிடம் போட்டு எடுங்கள்.

ஐபோனில் ‘அலோ மொபைல் டேட்டா ஸ்விட்ச்சிங்’ என்பதையும் அணையுங்கள், இல்லாவிட்டால் டேட்டா தானாக இந்திய லைனுக்கு மாறக்கூடும். புது சிம்மைப் பார்த்ததும் வாட்ஸ்அப் எண்ணை மாற்றலாமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். போட்டோ பேக்கப்பை வைஃபைக்கு மட்டும் என்று வைத்துவிடுங்கள்.

பாலத்துக்கு அப்பால் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாருவுக்கு ஒரு நாள் போய்வர நினைப்பவர்களுக்கு ஒன்று: சாதாரண சிங்கப்பூர் சிம் பாலம் தாண்டினால் ரோமிங் கணக்கில் போய்விடும், மலேசியாவும் சேர்ந்த பேக்கா என்று வாங்கும்போதே கேளுங்கள். அந்தப் பாலத்தின் சிங்கப்பூர் முனையில் உள்ள உட்லண்ட்ஸ் பக்கம் தங்கினால் சில இடங்களில் கடலுக்கு அந்தப் பக்கத்து டவரையும் போன் பிடிக்கும். அப்படி ஆனால் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, உங்கள் சிங்கப்பூர் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள்.