சிவப்புப் பேனைக்கு முன்னால்: மாணவ எழுத்தாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்த் தினப் போட்டி நெருங்கினால் மட்டக்களப்புப் பிள்ளைகள் கட்டுரை, சிறுகதை, கவிதை என்று எழுதித் தள்ளுவார்கள். கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று மேலே போகும் போட்டி அது. எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுக்க ஆள் உண்டு. எழுதி முடித்ததை வைத்து என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை.

முதல் தவறு, எழுதியதைப் புதுத் தாளில் வடிவான கையெழுத்தில் பார்த்தெழுதிவிட்டு, ‘திருத்திவிட்டேன்’ என்று கொடுப்பது. ஒரு வசனம்கூட இடம் மாறியிருக்காது. நம்மூர்க் கூத்தில் சட்டங்கொடுத்த (ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டையும் வசனத்தையும் பிரித்துக் கொடுத்த) மறுநாளே யாரும் களரி என்ற கூத்து மேடையில் ஏறுவதில்லை. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் நடுவில் நிறுத்தி, அதே தருவை, அதாவது பாட்டை, திரும்பத் திரும்பப் பாடி ஆட வைப்பார். சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை), அதற்குப் பிறகுதான் அரங்கேற்றம். கட்டுரைக்கு அவ்வளவு காலம் வேண்டாம். இரண்டு நாள் மூடி வைத்துவிட்டு எடுத்தாலே, எழுதியவருக்கே அது கொஞ்சம் அந்நியமாகத் தெரியும். அப்போது வாசித்தால் ஓட்டை தெரியும்.

எதைத் தேடி வாசிப்பது? 1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பில் அடித்த சூறாவளியைப் பற்றி ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பந்தி: ‘இயற்கை அன்னையின் சீற்றம் சொல்லொணாத் துயரத்தை ஏற்படுத்தியது. மக்கள் கண்ணீர்க் கடலில் மூழ்கினர்.’ இரண்டாம் பந்தி, புயல் எப்படி உருவாகிறது என்ற விஞ்ஞானப் பாடம். மூன்றாம் பந்தியின் நடுவில் ஒரு வசனம்: ‘அம்மம்மா நெல் மூட்டையைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, பிள்ளைகளுடன் கட்டிலுக்கு அடியில் இருந்தாராம்.’

கட்டுரை அங்கேதான் இருக்கிறது! பிள்ளைகள் கீழே, நெல் மேலே. ஏன் அப்படி? நெல் நனைந்தால் அடுத்த மாதம் என்ன சாப்பிடுவது என்ற பயமா? ஓடு விழுந்தால் கட்டில் தாங்கும் என்ற கணக்கா? அம்மம்மாவிடமே போய்க் கேட்கலாம். அந்த வசனத்தை முதலுக்குக் கொண்டுவந்து, கேட்டதை அதற்குக் கீழே எழுதி, கண்ணீர்க் கடலை வெட்டிவிட வேண்டும். கஷ்டப்பட்டு எழுதிய வசனம் என்பதற்காக வைத்திருப்பதும் தவறுதான். வெட்டியதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால் மனம் ஆறும். அது வேறெதற்காவது உதவும்.

இதையெல்லாம் பார்க்காமல் எழுத்துப்பிழையில் தொடங்குவது இன்னொரு வீண்வேலை. வெட்டப் போகிற பந்தியில் ஒற்று மிகுமா என்று பார்த்து என்ன பயன்? பிழை பார்ப்பது கடைசி வேலை. அதிலும், சத்தமாக வாசித்தால் எல்லாம் பிடிபடும் என்று நம்பக்கூடாது. மூச்சு முட்டும் நீள வசனத்தைக் காது பிடிக்கும். ஆனால் நம்மில் பலர் ழகரத்தையும் ளகரத்தையும் ஒரே மாதிரித்தான் உச்சரிக்கிறோம். வாழை மரமா, வாளை மீனா என்பதைக் கண்தான் பார்க்க வேண்டும். ‘அந்தப் புயல்’ என்று ஒற்றுப் போட்ட கை, ‘வந்த புயல்’ என்பதற்கும் போட்டுவிடும். அங்கே மிகாது.

சிறுகதை எழுதுபவர்களுக்கு ஒன்று. கிழவி ‘மறுகா வாறன் மனே’ என்று சொன்னதை, திருத்துகிறேன் என்று ‘பின்னர் வருகிறேன் மகனே’ ஆக்கிவிடாதீர்கள். கதை சொல்லும் நடை எழுத்துத் தமிழாக இருக்கட்டும். உரையாடலில் ஊர் பேசட்டும்.

நண்பரிடம் கொடுத்து ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் பதில் வரும். பாவம், வேறென்ன சொல்வார்? ‘எந்த இடத்தில் அலுத்தது? எது விளங்கவில்லை?’ என்று கேளுங்கள். பதில் வரும்போது குறுக்கே விளக்கம் சொல்லாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

போட்டி ஆசையில் பெரியவர்கள் முழுவதையும் மாற்றி எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. இது எனக்குப் பிடிக்காத விஷயம். பரிசு கிடைக்கலாம். அடுத்த தலைப்பு வந்ததும் பிள்ளை மறுபடியும் அவர்களிடம்தான் போக வேண்டும். ஆசிரியர் சிவப்புப் பேனையால் ஒரு வரியை வெட்டினால், ஏன் என்று மரியாதையாகக் கேட்கலாம். காரணம் தெரிந்தால் அடுத்த கட்டுரையில் அதே வரி வராது.

பரீட்சை மண்டபத்தில் இதற்கெல்லாம் நேரமில்லை, சரி. கடைசிச் சில நிமிடங்களை மட்டும் ஒதுக்கி, ஒவ்வொரு நீள வசனத்திலும் எழுவாயையும் பயனிலையையும் பொருத்திப் பாருங்கள். ‘மீனவர்கள்’ என்று தொடங்கிய வசனம் ‘சென்றது’ என்று முடிந்திருந்தால், ஒரே கோட்டில் வெட்டி மேலே ‘சென்றனர்’ என்று எழுதினால் போதும்.