ஒரு கல்வெட்டிலிருந்து வரலாறு எழுதுவது எப்படி?

வரலாற்று ஆய்வில் பழக விரும்புபவர், பெரிய நூல்களைச் சுருக்கி எழுதுவதைவிட, ஒரே ஒரு சான்றை எடுத்து அதனிடம் பொறுமையாகக் கேள்வி கேட்பதில் தொடங்குவது நல்லது. ஓலையில் பெயர்களை எழுதிக் குடத்தில் இட்டு, அதிலிருந்து எடுத்து உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையைச் சொல்லும், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் இரண்டும் அதற்கு மிகப் பொருத்தமானவை. எல்லோரும் பேசுகிற, சிலரே முழுதாகப் படித்திருக்கிற சான்றுகள் அவை.

முதலில் காலத்தை உறுதிசெய்யுங்கள். கல்வெட்டு ஆட்சியாண்டையே தருகிறது. சோழர்கள் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடியதால் பட்டத்தை மட்டும் கொண்டு மன்னனை அறிய முடியாது. 'மதிரை கொண்ட' (மதுரையை வென்ற) என்னும் அடைமொழியே அவன் முதலாம் பராந்தகன் என்று காட்டுகிறது. அவன் 907இல் அரியணை ஏறினான் என்று கொண்டால், 12, 14 ஆகிய ஆட்சியாண்டுகள் முறையே 919, 921 என அமையும்.

அடுத்து, பிறர் தரும் சுருக்கத்தை நம்பாமல், அச்சில் வந்துள்ள மூலபாடத்தையே வரிவரியாகப் படித்து, இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பு, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என்று மாறுகிறது. முதல் விதி நடைமுறையில் ஏதோ சிக்கலைத் தந்திருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். ஆனால் அது ஊகம் என்பதை எழுதும்போது மறைக்கக் கூடாது.

பேசுவது யார் என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலத்துச் சபை எடுத்த முடிவு; அதை எடுத்தபோது அரச அதிகாரி ஒருவரும் உடனிருந்தார். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட, வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவர் பெயரே குடத்தில் இடப்பட்டது. வேதமும் பாடியமும் (விளக்கவுரையும்) கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதுமானது. வாரியம் என்னும் சபைக் குழுவில் உறுப்பினராக இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் விலக்கப்பட்டனர். இந்த நுட்பம் உண்மையிலேயே வியக்கத்தக்கது. எனினும், வேளாண் குடிகள் கூடிய 'ஊர்' என்னும் அவைகளிலும் இதே முறை இருந்தது என்பதற்கு இக்கல்வெட்டு சான்றாகாது. சோழ நாடு முழுவதும் மக்களாட்சி நிலவியது என்று இதைக் காட்டி எழுதுவோர், கல் சொல்லாததைக் கல்லின் மேல் ஏற்றுகிறார்கள்.

எழுதும்போது கல்வெட்டின் சொற்கள், அவற்றுக்கு நீங்கள் கொள்ளும் பொருள், அதிலிருந்து செய்யும் ஊகம் ஆகிய மூன்றையும் வாசகர் பிரித்தறியும்படி எழுதுங்கள். விதி இருந்தது என்பதற்குத்தான் இக்கல்வெட்டு சான்று. அந்த விதி ஆண்டுதோறும் பின்பற்றப்பட்டதா என்பதை அவ்வூரின் பிற கல்வெட்டுகளில்தான் தேட வேண்டும்.